அதிகம் அறியப்படாத ஓவியரின் பழைய தைல ஓவியத்தை மதிப்பிடுவது எப்படி?

2017-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், பழைய ஓவியச் சட்டங்களை வாங்கிப் புதுப்பிக்கலாம் என்று பழம்பொருள் கடை ஒன்றில் தேடிக்கொண்டிருந்த ஒருவர், 4 டாலர் கொடுத்து ஒரு ஓவியத்தை வாங்கினார். அது, 1939-இல் வெளிவந்த ஒரு நாவல் பதிப்புக்காக அமெரிக்க ஓவியர் என். சி. வையெத் தீட்டிய படம் என்று பின்னர் தெரியவந்தது. 2023 செப்டம்பரில் அது ஏலத்துக்கு வந்து 1,91,000 டாலருக்கு விலைபோனது என்ற செய்தி உலகெங்கும் பரவியது. ஏலத்தில் வென்றவர் பணத்தைக் கட்டவே இல்லை என்ற தொடர்ச்சி அதே வேகத்தில் பரவவில்லை.

இத்தகைய செய்திகளைப் படித்துவிட்டு, பரம்பரையாகவோ பழைய சாமான்களோடு சேர்ந்தோ தம்மிடம் வந்த ஓவியம் எவ்வளவு பெறும் என்று கேட்பவர்கள் பலர். அவர்களில் பெரும்பாலோரிடம் இருப்பது வையெத்தைப் போல அச்சில் வந்த படங்களைக் கொண்டே அடையாளம் காணக்கூடிய ஒருவரின் படைப்பு அன்று. மூலையில் பாதி மட்டும் படிக்க முடிகிற ஒரு கையொப்பம், பொன்முலாம் மங்கிய சட்டம், பழுப்பேறிய வார்னிஷ் ஆகியவையே அவர்கள் கையிலுள்ள தடயங்கள். புகழ்பெற்ற ஓவியருக்குரிய வழிமுறை இங்கே பாதிதான் பொருந்தும். அங்கே ‘இது உண்மையிலேயே அவர் தீட்டியதா’ என்ற ஒரு கேள்வியிலேயே விலை ஏறத்தாழ முடிவாகிவிடுகிறது. இங்கே அது ஐயமின்றி உறுதியான பிறகும் விலை தெரியாமலே இருக்கக்கூடும்.

நான்கு தனித்தனிக் கேள்விகள்

ஓவிய மதிப்பீட்டில் எழும் குழப்பங்களில் பெரும்பகுதி, வெவ்வேறான நான்கு கேள்விகளை ஒன்றாகக் கலந்து கேட்பதால் வருகிறது.

1. இது கையால் தீட்டப்பட்ட ஓவியமா, அச்சா?
2. எந்தக் காலத்தில், எந்தப் பகுதியில் செய்யப்பட்டது?
3. தீட்டியவர் யார்?
4. இன்றைய தேதியில், எந்தச் சந்தையில், என்ன விலைக்கு வாங்க ஆள் இருக்கிறது?

முதல் மூன்றும் பொருளைப் பற்றியவை. நான்காவது மனிதர்களைப் பற்றியது. 150 ஆண்டுப் பழமையும் திறமையான கைவேலையும் உண்மையான கையொப்பமும் ஒருங்கே அமைந்த ஓவியம், வாங்குவோர் இல்லாத காரணத்தால் அதன் சட்டத்தின் விலைக்கும் கீழே போவது ஏலக்கூடங்களில் வழக்கமான காட்சி. பழமை தன்னளவில் விலையைத் தருவதில்லை என்பதை ஏற்றுக்கொள்வதுதான் பலருக்கும் கடினமாக இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் பயிற்சி பெற்ற ஓவியர்களும் பொழுதுபோக்காகத் தீட்டியவர்களும் பெருந்தொகையினர். 1841-இல் ஜான் காஃப் ராண்ட் என்பவர் மடித்துப் பிதுக்கக்கூடிய உலோகக் குழாயில் வண்ணத்தை அடைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்ற பிறகு, தைல வண்ணம் எங்கும் எடுத்துச் செல்லக்கூடிய பொருளாயிற்று; ஓவியங்களின் எண்ணிக்கையும் பெருகியது.

அச்சா, ஓவியமா?

இந்தக் கேள்வியை விரைவில் தீர்த்துவிடலாம். பத்து மடங்கு பெரிதாக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று போதும். ஒழுங்கான வரிசையில் சிறு புள்ளிகள் தெரிந்தால் அது ஆஃப்செட் அச்சு. மிக நுண்ணிய மைத்துளிகள் ஒழுங்கின்றிச் சிதறித் தெரிந்தால் கேன்வாஸில் எடுத்த இங்க்ஜெட் அச்சு. ஏமாற்றக்கூடியவை இரண்டு. ஒன்று, 19-ஆம் நூற்றாண்டின் ஒலியோகிராஃப்: பல கற்களில் வண்ணம் வண்ணமாக அச்சிட்டு, மேலே வார்னிஷ் பூசி, கேன்வாஸின் நெசவைப் போல அழுத்தம் கொடுத்து, தைல ஓவியம் என்றே தோன்றும்படி செய்யப்பட்டது. மற்றொன்று, அச்சுப் படத்தின் மேல் தெளிவான பசையைத் தூரிகையால் தடவி மேடுபள்ளம் உண்டாக்கியது. இரண்டையும் காட்டிக்கொடுக்க ஒரே வழி உண்டு. விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்து, மேற்பரப்பின் மேடுகள் படத்திலுள்ள வண்ண எல்லைகளோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். உண்மையான ஓவியத்தில் மேட்டை உண்டாக்கியதும் நிறத்தை இட்டதும் ஒரே தூரிகை வீச்சு. போலியில் மேடு ஒரு பக்கம் ஓட, நிறம் வேறொரு பக்கம் ஓடும்.

பின்பக்கத்தை முதலில் படியுங்கள்

அனுபவமுள்ள மதிப்பீட்டாளர் ஓவியத்தைக் கையில் வாங்கியதும் திருப்பிப் பார்க்கிறார். முன்பக்கம் ஓவியர் காட்ட விரும்பியது. பின்பக்கத்தில் இருப்பவை பெரும்பாலும் யாரும் திட்டமிடாமல் விட்டுச்சென்ற தடயங்கள். அதிகம் அறியப்படாத ஓவியரைப் பற்றி நூல்களில் ஒரு வரிகூட இல்லாத நிலையில், நமக்குக் கிடைக்கும் முழுச் சான்றும் சில சமயம் இங்கேதான் இருக்கும்.

கேன்வாஸைத் தாங்கி நிற்கும் உள் மரச்சட்டத்தை முதலில் பார்க்க வேண்டும். அதன் மூலைகளில் சிறு மர ஆப்புகள் செருகப்பட்டிருந்தால், துணி தொய்யும்போது ஆப்பைத் தட்டி இறுக்கக்கூடிய வகை அது. மூலைகள் அசையாமல் ஆணியடிக்கப்பட்டிருந்தால் வேறு வகை. மரம் காற்றுப்பட்ட இடங்களில் கருத்தும், துணிக்கு அடியில் மறைந்திருந்த இடங்களில் வெளுத்தும் இருக்க வேண்டும். எங்கும் ஒரே சீராகப் பழுப்பேறியிருந்தால் தேயிலைச் சாயமோ மரச்சாயமோ பூசிச் செயற்கையாகப் பழமையூட்டியிருக்கலாம். துணியை மரத்தோடு பிணைக்கும் சிறிய ஆணிகளைச் சுற்றித் துரு இறங்கி, துணி அங்கே பொடியும் நிலைக்கு வந்திருப்பது இயல்பான முதுமை. ஸ்டேப்ளர் பின்கள் பரவலானது 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான். ஆனால் பின்கள் இருப்பதைக் கண்டதும் ஓவியம் புதியது என்று முடிவுகட்டக் கூடாது. பழைய ஓவியத்தைப் பிற்காலத்தில் கழற்றி மீண்டும் இழுத்துக் கட்டியிருக்கலாம். அப்படியானால் துணியின் ஓரத்தில் பழைய ஆணித் துளைகள் தனியே தெரியும்.

ஓவியம் துணியில் இல்லாமல் பலகையில் இருந்தால், பலகையே பேசும். மரநாரை அழுத்திச் செய்யும் மேசனைட் என்ற கடினப் பலகை 1920-களில் உருவானது. அதன்மேல் 1880 என்று தேதியிட்ட ஓவியம் இருக்க வழியில்லை. சட்டத்தை ஓவியத்தோடு பிணைக்கும் திருகாணியின் தலையில் கூட்டல் குறி வடிவப் பள்ளம் இருந்தால், 1930-களுக்குப் பிறகு யாரோ அந்தச் சட்டத்தைத் தொட்டிருக்கிறார்கள் என்பது உறுதி.

ஒட்டியுள்ள சீட்டுகள் அனைத்திலும் தகவல் செறிந்தவை. சட்டம் செய்பவரின் முகவரி, கண்காட்சி எண், ஏலக்கூடம் சாக்குக்கட்டியால் எழுதிய எண், முன்னாள் உரிமையாளரின் பெயர் என எது இருந்தாலும் அது தேட வேண்டிய ஒரு நூல்முனை. முகவரியின் அமைப்பே காலத்தைச் சொல்லும். அமெரிக்க முகவரியில் ஐந்திலக்க ஜிப் குறியீடு இருந்தால் சீட்டு 1963-க்குப் பிந்தையது. ஜெர்மானிய முகவரியில் ஐந்திலக்க அஞ்சல் எண் இருந்தால் பெரும்பாலும் 1993-க்குப் பிந்தையது. துணியின் பின்புறம் கேன்வாஸ் விற்ற கடையின் முத்திரை இருந்தால், அக்கடை எந்த முகவரியில் எந்த ஆண்டுகளில் இயங்கியது என்பதைக் கொண்டு காலத்தைச் சில ஆண்டுகளுக்குள் சுருக்கிவிடலாம். பிரித்தானிய ஓவியப்பொருள் விற்பனையாளர்களைப் பற்றி 1650 முதல் 1950 வரையிலான விரிவான தகவல் தொகுப்பை லண்டனிலுள்ள தேசிய உருவப்பட அரங்கம் தன் இணையதளத்திலேயே வைத்திருக்கிறது. வீட்டிலிருந்தபடியே இதைப் பார்த்துப் பயன்பெறலாம்.

சீட்டும் பொய் சொல்லும் என்பதை மறக்கலாகாது. ஜெர்மானியப் போலி ஓவியர் வொல்ஃப்காங் பெல்ட்ராக்கி, தாம் செய்த ஓவியங்களின் பின்னால், 1937-இல் மறைந்த கலை வணிகர் ஆல்ஃபிரட் ஃப்லெக்ட்ஹைமின் சேகரிப்பைச் சேர்ந்தவை என்று காட்டும் சீட்டுகளை ஒட்டிவைத்தார். அச்சீட்டுகள்மீது எழுந்த ஐயமும், அடுத்துச் சொல்லப்போகும் ஒரு வெள்ளை நிறமியும் சேர்ந்தே அவரைச் சிக்கவைத்தன.

நிறமிகள் சொல்லும் காலவரிசை

தைல வண்ணம் என்பது நிறமித் தூளை ஆளி விதை எண்ணெய் போன்ற உலரும் எண்ணெயில் குழைத்தது. இந்த எண்ணெய் நீரைப் போல ஆவியாகி உலர்வதில்லை; காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து மெல்ல இறுகுகிறது. தொட்டால் ஒட்டாத நிலை சில நாள்களிலோ வாரங்களிலோ வந்துவிடும். முழுமையாக இறுகப் பல பத்தாண்டுகள் ஆகும். வண்ணத்தின் பரப்பில் காணும் விரிசல் வலையும் இந்த நீண்ட மாற்றத்தின் விளைவே.

ஒவ்வொரு நிறமிக்கும் பிறந்த ஆண்டு உண்டு. பிரஷ்யன் நீலம் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் உருவானது. செயற்கை அல்ட்ராமரீன் 1820-களில் வந்தது. விரிடியன் பச்சைக்கு 1859-இல் காப்புரிமை பெறப்பட்டது. டைட்டானியம் வெள்ளை 1920-களில்தான் ஓவியர்களிடையே பரவியது. தாலோசயனின் நீலம் 1930-களின் நடுவில் வந்தது. நீரில் கரையும் அக்ரிலிக் வண்ணங்கள் 1950-களைச் சேர்ந்தவை. இதிலிருந்து கிடைக்கும் தர்க்கம் ஒருவழிப்பட்டது: ஒரு நிறமி இருப்பது, ஓவியம் அந்த ஆண்டுக்கு முந்தையதாக இருக்க முடியாது என்பதை மெய்ப்பிக்கும், பழைய நிறமிகள் மட்டுமே இருப்பது ஓவியம் பழையது என்பதை மெய்ப்பிக்காது, ஏனெனில் அவற்றில் பல இன்றும் கடைகளில் கிடைக்கின்றன.

பெல்ட்ராக்கியின் வழக்கில் இதுவே நடந்தது. ஜெர்மானிய ஓவியர் ஹைன்ரிஷ் காம்பென்டோங்க் 1914-இல் தீட்டியதாகச் சொல்லப்பட்ட ஒரு குதிரை ஓவியம் 2006-இல் 28 லட்சம் யூரோவுக்கு மேல் விற்றது. சோதனையில் அதில் டைட்டானியம் வெள்ளை இருந்தது. துத்தநாக வெள்ளை என்று நம்பி அவர் வாங்கிய குழாயில், வெளியே குறிப்பிடப்படாமல் டைட்டானியம் கலந்திருந்தது. 2011-இல் அவருக்கு ஆறு ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

ஆனால் அதிகம் அறியப்படாத ஓவியரின் படைப்புக்கு ஆய்வகச் சோதனை தேவையா என்றால், பெரும்பாலும் இல்லை என்பதே என் கருத்து. சோதனைக் கட்டணம் ஓவியத்தின் விலையைத் தாண்டக்கூடும். மேலும், விலைபோகாத பெயரைப் போலி செய்ய யாருக்கும் அவ்வளவு தூண்டுதல் இருப்பதில்லை. இந்த நிலையில் இருட்டறையில் கையடக்கப் புற ஊதா விளக்கு ஒன்றைப் பிடித்துப் பார்ப்பது செலவுக்கேற்ற பயனைத் தரும். பழைய இயற்கைப் பிசின் வார்னிஷ் பச்சை கலந்த மஞ்சள் ஒளியைத் தரும். பிற்காலத்தில் தொட்டுப் பூசிய இடங்கள் அந்த ஒளிப் பரப்பின்மேல் கருந்திட்டுகளாக எழும். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய காகிதங்களிலும் துணிகளிலும் சேர்க்கப்படும் வெளுப்பான்கள் பளிச்சென்ற நீல வெள்ளையாக ஒளிரும். ஒரு நூற்றாண்டுப் பழையது என்று சொல்லப்படும் சீட்டு அப்படி ஒளிர்ந்தால் விசாரணையை அங்கிருந்தே தொடங்கலாம்.

கையொப்பம்: எதை மெய்ப்பிக்கும், எதை மெய்ப்பிக்காது

கையொப்பத்தைக் கண்டதும் பெயரைத் தேட ஓடுவது இயல்புதான். அதற்கு முன், கையொப்பம் ஓவியத்தோடு சேர்ந்து பிறந்ததா என்று பார்க்க வேண்டும். ஈர வண்ணத்தின் மேல் எழுதப்பட்டது என்றால், எழுத்தின் ஓரங்கள் அடி வண்ணத்தோடு சற்றே குழைந்திருக்கும். ஓவியம் காய்ந்ததும் எழுதியது என்றால் குழைவு இராது. ஆனாலும் காலப்போக்கில் தோன்றிய விரிசல் அடி வண்ணத்தையும் எழுத்தையும் ஒருசேரப் பிளந்து செல்லும். எழுத்தின் வண்ணம் விரிசலுக்குள் வழிந்து இறங்கியிருந்தாலோ, வார்னிஷின் மேலே உட்கார்ந்திருந்தாலோ, அது பிற்காலத்தில் யாரோ சேர்த்தது. அதிகம் அறியப்படாத ஓவியரின் படத்தில் அவருடைய கையொப்பத்தை அழித்து விலைபோகும் வேறு பெயரை எழுதுவது பழைய வணிகத் தந்திரம்.

அதற்கு நன்கு தெரிந்த சான்று டச்சு ஓவியர் ஜூடித் லெய்ஸ்டர். 1609 முதல் 1660 வரை வாழ்ந்த இவரது படைப்புகள், மறைவுக்குப் பின் இரு நூற்றாண்டுகளுக்கும் மேலாக புகழ்பெற்ற டச்சு ஓவியர் ஃப்ரான்ஸ் ஹால்ஸ் போன்றோரின் பெயரில் உலவின. இன்று பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள, இருவர் குடித்து இசைத்துக் களித்திருக்கும் ஓவியம் ஹால்ஸின் படைப்பாகவே விற்கப்பட்டது. 1893-இல் அதில் லெய்ஸ்டரின் முத்திரையான முதலெழுத்துகளும் நட்சத்திரமும் அடையாளம் காணப்பட்டன. விலை பற்றிய வழக்கும் மூண்டது. ஓவியத்தில் ஒரு தூரிகை வீச்சும் மாறவில்லை. மாறியது பெயர் ஒன்றுதான். அதன் பிறகே கலை ஆய்வாளர்கள் அவரைத் தனி ஓவியராகத் தேடத் தொடங்கினர். இன்று அவரது படைப்புகளைப் பெரிய அருங்காட்சியகங்கள் பெருமையோடு காட்சிப்படுத்துகின்றன.

இன்னொரு பொறியும் உண்டு. 20-ஆம் நூற்றாண்டில் வீட்டு அலங்காரத்துக்காகப் பட்டறைகளில் ஓவியங்கள் பெருமளவில் செய்யப்பட்டன. கடற்கரை, இலையுதிர்காலக் காடு, மழைநாள் நகரத் தெரு என ஒரே காட்சியைப் பலர் பங்கிட்டுத் தீட்டி, கேட்க நன்றாக இருக்கும் ஒரு கற்பனைப் பெயரைக் கையொப்பமாக இட்டு விற்றனர். சீனாவின் ஷென்சென் நகரிலுள்ள டாஃபென், 1989-க்குப் பிறகு இத்தொழிலின் பெரும் மையமாக வளர்ந்தது. இவை கையால் தீட்டப்பட்ட உண்மையான தைல ஓவியங்களே. ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னே தேடிக் கண்டுபிடிக்க ஓர் ஓவியர் இல்லை.

பெயரைத் தேடும்போது பின்வரும் வரிசை பயன் தரும்.

1. பெனெசித் ஓவியர் அகராதி, ஜெர்மன் மொழியில் 37 தொகுதிகளாக வந்த தீமே–பெக்கர் அகராதி, கெட்டி நிறுவனத்தின் ஓவியர் பெயர்ப் பட்டியல் ஆகியவற்றில் பெயரின் எல்லா எழுத்து வடிவங்களையும் பார்ப்பது. தேய்ந்த கையொப்பத்தில் எந்த எழுத்து எதுவென்று உறுதியாகத் தெரியாதபோது, முதலெழுத்தை மாற்றி மாற்றித் தேட வேண்டியிருக்கும்.
2. கண்காட்சிப் பதிவுகள். 1769 முதல் 1904 வரை லண்டன் ராயல் அகாடமியில் காட்சிக்கு வைத்தவர்களின் பட்டியலை ஆல்ஜெர்னன் கிரேவ்ஸ் தொகுத்திருக்கிறார். அகராதிகளில் இடம்பெறாத பலர் இத்தகைய பட்டியல்களில் இருப்பார்கள்; படத்தின் தலைப்பும் முகவரியும்கூடக் கிடைக்கும்.
3. ஓவியர் வாழ்ந்த ஊரின் செய்தித்தாள்களும் கலைச் சங்கக் குறிப்புகளும். சிறிய பெயர்களுக்கு உள்ளூர்ப் பதிவே பெரும்பாலும் முதன்மைச் சான்று.

ஏலப் பட்டியல்களின் சொல்வழக்கையும் இங்கே விளங்கிக்கொள்ள வேண்டும். ஓவியரின் பெயர் எந்த அடைமொழியும் இன்றி இருந்தால், அது அவருடைய படைப்பே என்பது ஏல நிறுவனத்தின் கருத்து. ‘அவருடையதாகக் கருதப்படுவது’ என்றால் பெரும்பாலும் அவருடையது, உறுதியில்லை. ‘அவரது பட்டறை’ என்றால் அவர் மேற்பார்வையில் பிறர் செய்தது. ‘அவரது வட்டம்’ என்றால் அதே காலத்தில் அவரை ஒட்டித் தீட்டிய வேறொருவர். ‘அவரது பாணியில்’ என்றால் பிற்காலத்தவர். ‘அவரைப் பார்த்து’ என்றால் தெரிந்த ஒரு படத்தின் நகல். ‘கையொப்பமிட்டது’ என்பதும் ‘கையொப்பம் காணப்படுகிறது’ என்பதும் ஒன்றல்ல. பின்னதில், எழுதியவர் அந்த ஓவியர்தான் என்பதற்கு நிறுவனம் பொறுப்பேற்கவில்லை.

விலையைக் கணிப்பது

மதிப்பீட்டின் இதயம் ஒப்பீட்டு விற்பனைகள். அதே ஓவியரின், அளவிலும் காலத்திலும் பொருளிலும் நெருக்கமான ஓவியங்கள் அண்மையில் உண்மையாக விற்ற விலைகளைக் கொண்டே புதிய ஓவியத்தின் விலை கணிக்கப்படுகிறது. விற்பனைக்கு வைத்திருக்கும் ஒருவர் கேட்கும் விலை சான்றாகாது. அந்த விலைக்கு இன்னும் யாரும் வாங்கவில்லை என்பதை மட்டுமே அது சொல்கிறது.

ஓர் ஓவியருக்கு ஏலத்தில் எட்டு விற்பனைகள் பதிவாகியிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஏதேனும் ஒரு நாணயத்தில் அவை 300, 340, 380, 400, 420, 450, 500, 2,600. இவற்றின் சராசரி ஏறத்தாழ 674. ஆனால் எட்டில் ஏழு ஓவியங்கள் 500-ஐத் தாண்டவே இல்லை. சரியான வழிகாட்டி நடுவில் நிற்கும் விலையான 410. அந்த 2,600 ஏன் வந்தது என்று தேடிப் பார்த்தால், அது வழக்கத்தைவிடப் பெரிய படமாக இருக்கும், அல்லது ஓர் ஊரின் வரலாற்றுக் காட்சியாக இருந்து அவ்வூர்க்காரர் இருவர் போட்டியிட்டிருப்பர். உரிமையாளர்களின் நினைவில் ஒட்டிக்கொள்வது எப்போதும் 2,600 என்ற எண்தான்.

எண்களுக்குள்ளும் ஒரு நுட்பம் இருக்கிறது. ஏலம் விடுபவர் சுத்தியலைத் தட்டும்போது நிற்கும் தொகை சுத்தியல் விலை. வாங்குபவர் அதற்கு மேல் நிறுவனத்துக்குக் கட்டணம் தருகிறார். விற்பவரிடமிருந்தும் கமிஷன் கழிக்கப்படுகிறது. சுத்தியல் விலை 400, வாங்குபவர் கட்டணம் 25 விழுக்காடு, விற்பவர் கமிஷன் 15 விழுக்காடு என்றால், வாங்குபவர் கொடுப்பது 500, விற்பவர் கையில் வருவது 340. தரவுத்தளங்களில் சில பதிவுகள் கட்டணம் சேர்ந்தவை, சில சேராதவை. இதைக் கவனிக்காமல் ஒப்பிட்டால் கணக்கு தொடக்கத்திலேயே பிழையாகும். விலைபோகாமல் திரும்பிய ஓவியங்களையும் தேடிப் பார்க்க வேண்டும். ஓர் ஓவியரின் படைப்புகளில் பாதி விற்காமல் திரும்பியிருந்தால், விற்ற பாதியின் விலையை மட்டும் பார்த்து மதிப்பிடுவது தவறு.

ஒரு பதிவுகூட இல்லாத ஓவியர் என்றால் என்ன செய்வது? அதே காலம், அதே வட்டாரம், அதே பயிற்சி, ஒத்த தரம் கொண்ட பிற ஓவியர்களின் விலைகளை எடுத்துக்கொண்டு, ஓவியம் தன்னளவில் எவ்வளவு ஈர்க்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். இங்கே பெயர் பின்னுக்குப் போய்ப் படம் முன்னுக்கு வருகிறது. அடையாளம் காணக்கூடிய இடம், நல்ல ஒளி, கதை சொல்லும் காட்சி ஆகியவை விலையை உயர்த்தும். பெயர் தெரியாத ஒருவரின் உருவப்படம், உயிரற்ற விலங்குகள், கடுமையான மதக் காட்சிகள் ஆகியவை எவ்வளவு நன்றாகத் தீட்டப்பட்டிருந்தாலும் வீட்டுச் சுவருக்கு வாங்குவோர் குறைவு.

எந்த மதிப்பு?

ஒரே ஓவியத்துக்கு ஒரே நாளில் மூன்று வேறு மதிப்புகள் இருக்கலாம். மூன்றும் சரியாகவும் இருக்கலாம்.

1. நியாயமான சந்தை மதிப்பு: கட்டாயம் ஏதுமின்றி விற்க விரும்புபவரும் வாங்க விரும்புபவரும், விவரங்களை அறிந்த நிலையில், ஒப்புக்கொள்ளும் விலை. சொத்துப் பிரிவினைக்கும் வரிக்கும் பெரும்பாலும் இதுவே வேண்டும்.
2. மாற்று மதிப்பு: ஓவியம் எரிந்தோ திருடுபோயோ விட்டால், அதற்கு இணையான ஒன்றைக் கலைக்கூடத்தில் சில்லறை விலைக்கு வாங்கத் தேவையான தொகை. காப்பீட்டுக்குரியது இது. மூன்றிலும் இதுவே உயர்ந்தது.
3. உடனடி விற்பனை மதிப்பு: குறுகிய கெடுவுக்குள் விற்றே ஆக வேண்டுமென்றால் கிடைப்பது.

காப்பீட்டுக்காக எழுதப்பட்ட பழைய மதிப்பீட்டை வைத்துக்கொண்டு அந்தத் தொகைக்கே விற்க முயன்று ஏமாறுபவர்களைக் காணும்போது வருத்தமாக இருக்கிறது. தாளில் உள்ள எண் பொய்யில்லை. அது வேறொரு கேள்விக்கான விடை.

நிலைமையும் சட்டமும்

மதிப்பிடும் முன் ஓவியத்தைச் சுத்தம் செய்யவே கூடாது. உருளைக்கிழங்கு, ரொட்டி, வெங்காயம், சோப்புநீர் என்று கைவைத்தியங்கள் பல உலவுகின்றன. அவை விரிசல்களுக்குள் ஈரத்தையும் மாவுப்பொருளையும் செலுத்தி, வண்ணம் துணியிலிருந்து பெயரவும் பூஞ்சை வளரவும் வழிசெய்யும். அழுக்கைத் துடைக்கும்போது, மேலே மெல்லியதாக இட்ட இறுதி வண்ணப் பூச்சும் சேர்ந்தே போய்விடும். அதை எந்த வல்லுநராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. பழைய வண்ணங்களில் ஈயமும் ஆர்செனிக்கும் இருக்கக்கூடும் என்பதால் உதிரும் வண்ணத்தைச் சுரண்டுவது உடலுக்கும் கேடு. பழுப்பேறிய வார்னிஷ் வாங்குபவரை விரட்டுவதில்லை. அதன் அடியில் என்ன இருக்கும் என்ற எதிர்பார்ப்பைத் தருவதால் அனுபவமுள்ள வணிகர்கள் தொடப்படாத ஓவியத்தையே விரும்புகிறார்கள்.

குறைகளை விலைக்கணக்கில் சேர்க்கும்போது வேறுபாடு பார்க்க வேண்டும். வண்ணம் உறுதியாக ஒட்டியிருக்கும் மெல்லிய விரிசல் வலை பெரிய குறையன்று. ஓரங்கள் கிண்ணம் போல மேலெழுந்து செதிலாக உதிரும் விரிசல் ஆபத்தானது. வானத்தில் உள்ள ஒரு சிறு கிழிசலும் முகத்தில் உள்ள ஒரு சிறு கிழிசலும் ஒரே அளவாயினும் விலையை ஒரே அளவில் குறைப்பதில்லை. பழைய துணியின் பின்னால் இரண்டாவது துணியை ஒட்டி வலுப்படுத்தும் முறை முன்பு பரவலாக இருந்தது. அதைச் சூடும் அழுத்தமும் கொடுத்துச் செய்தபோது தூரிகை மேடுகள் தட்டையாகிவிட்ட ஓவியங்கள் பல. பின்பக்கச் சான்றுகளும் அத்துணியின் அடியில் மறைந்துவிட்டன. பழுதுபார்ப்புச் செலவு, அதனால் கூடும் விலையைவிட அதிகமாக இருக்குமா என்பதை முன்கூட்டியே கணக்கிட வேண்டும். இத்தகைய ஓவியங்களில் பெரும்பாலும் அதிகமாகத்தான் இருக்கும்.

சட்டத்தைத் தனிப் பொருளாகவே மதிப்பிட வேண்டும். கையால் செதுக்கிப் பொன் தகடு ஒட்டிய பழைய சட்டம், உள்ளே இருக்கும் ஓவியத்தைவிட அதிக விலை பெறுவது அரிதன்று. அது ஓவியத்தோடு பிறந்ததா என்பதை உள் விளிம்பில் வண்ணத்தின்மேல் பதிந்த அழுத்தத் தடமும், சட்டத்தின் உள்ளளவு பிற்காலத்தில் வெட்டிச் சுருக்கப்பட்டதா என்பதும் காட்டும். வெண்கல வண்ணம் பூசிய சட்டம் காலப்போக்கில் பசுமை கலந்த பழுப்பாக மாறும். உண்மையான பொன் தகடு மாறாது, தேய்ந்த இடத்தில் அடியிலுள்ள செம்மண் பூச்சு தெரியும்.

உரிமை

விற்பதற்கு முன் ஓவியம் திருட்டுப் பொருள் அன்று என்பதை உறுதிசெய்ய வேண்டும். இன்டர்போல் தன் திருட்டுக் கலைப்பொருள் தரவுத்தளத்தைப் பொதுமக்களும் தேடும்படி வைத்திருக்கிறது. ஐரோப்பாவிலிருந்து வந்த ஓவியத்துக்கு 1933 முதல் 1945 வரையிலான உடைமை வரலாற்றில் இடைவெளி இருந்தால் ஏல நிறுவனங்கள் கேள்வி கேட்கும். நாஜிகள் பறித்த கலைப்பொருள்கள் பற்றிய வாஷிங்டன் கொள்கைகளை 1998-இல் 44 நாடுகள் ஏற்றன. ஓவியத்தை வைத்திருப்பவருக்கு அதை அச்சிட்டு விற்கும் உரிமை தானாக வந்துவிடாது. பதிப்புரிமை பல நாடுகளில் ஓவியர் மறைந்து 70 ஆண்டுகள்வரை அவருடைய வாரிசுகளிடம் இருக்கும்.

நல்ல மதிப்பீட்டு அறிக்கை

எழுத்து வடிவில் மதிப்பீடு பெறும்போது பின்வருவன அதில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

1. எந்த நோக்கத்துக்காக, எந்த வகை மதிப்பு, எந்தத் தேதியில்.
2. ஓவியத்தின் அளவு, பொருள், கையொப்பத்தின் இடம், பின்பக்கச் சீட்டுகள், நிலைமை ஆகியவற்றின் விவரிப்பும் புகைப்படங்களும்.
3. ஓவியர் இன்னாரே என்று சொல்வதற்கான காரணங்கள்.
4. பயன்படுத்திய ஒப்பீட்டு விற்பனைகள், அவற்றிலிருந்து கணித்த விதம்.
5. மதிப்பீட்டாளருக்கு ஓவியத்தில் எந்த ஆதாயமும் இல்லை என்ற உறுதிமொழி.

கடைசி அம்சம்தான் நடைமுறையில் அதிகம் மீறப்படுவது. மதிப்பில் இத்தனை விழுக்காடு என்று கட்டணம் கேட்பவருக்கு மதிப்பைக் கூட்டிச் சொல்லத் தூண்டுதல் உண்டு. ‘நானே வாங்கிக்கொள்கிறேன்’ என்பவருக்குக் குறைத்துச் சொல்லத் தூண்டுதல் உண்டு. செலவிட்ட நேரத்துக்கு மட்டும் கட்டணம் பெற்று, வாங்குவதிலிருந்து விலகி நிற்பவரிடமே செல்ல வேண்டும். அனுப்பிய புகைப்படத்தை மட்டும் பார்த்துச் சொல்லும் விலை ஒரு முதற்கருத்து. அதைக் கொண்டு சொத்தைப் பிரிக்கவோ விற்கவோ முடிவெடுக்கக் கூடாது.

அறிக்கைக்கும் ஆயுள் உண்டு. அதிகம் அறியப்படாத ஓவியரின் சந்தை சிறியது என்பதால், ஒரு கண்காட்சி, ஓர் ஆய்வு நூல், ஓவியர் குடும்பத்தார் ஒரே சமயத்தில் பல படங்களை விற்பது என எதுவும் விலையை இரு திசையிலும் வேகமாக நகர்த்தும். ஆகவே அந்தப் பெயரில் புதிய ஏலப் பதிவு வந்திருக்கிறதா என்று ஆண்டுக்கொரு முறையாவது பார்த்து, வந்திருந்தால் மறுமதிப்பீடு கேட்க வேண்டும். இடையில் சட்டத்தை மாற்றவோ பின்பக்க அட்டையைக் கழற்றவோ நேர்ந்தால், கழற்றிய ஒவ்வொரு சீட்டையும் ஆணியையும் அட்டைத் துண்டையும் உறையிலிட்டு ஓவியத்தோடு சேர்த்தே வைத்திருக்க வேண்டும்; அடுத்த மதிப்பீட்டாளர் கேட்கப்போவது அவற்றைத்தான்.